கூப்பிட்ட குரல்

கரண்ட் போனால் ஆந்திர எல்லையோர நகரியின் தறித் தெரு செத்துப்போகும். விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருக்கும் விசைத்தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நிற்கும். தெருவில் காக்கை இருக்கிறது, குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். சனங்கள் வாசலுக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டு பேசுவார்கள். சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டைகள். தறி நின்று வெகுநேரம் ஆன பிறகும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சண்டைக்காரர்களைப் போலக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

யசோதா மட்டும் வாசலுக்கு வரமாட்டாள். பின்பக்கம் போய்த் தகர வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர் விழும் சத்தமாவது வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவள் காதில் அவள் குரலே கேட்கும். யாமினீ என்று வாசலில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்திய குரல். மூன்று மாங்காய் சீசனுக்கு முன்னால் கத்தியது, இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அன்றைக்குக் குழாயில் தண்ணீரும் இல்லை. வெயில் கொளுத்தியது. தெருமுனை ரோட்டில் சித்தூர்ப் பக்கம் போகும் டிராக்டர்களில் இருந்து கிளிமூக்கு மாங்காய் வாசனை உள்ளே வந்தது. யசோதா காலி வாளியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்தக் கத்தல் கேட்டது. ஆ... ஆவ் என்று கட்டையாக, அளவு தெரியாத குரலில்.

தறிக்கொட்டகையில் இருந்து அவள் புருஷன் செங்கல்வராயன் ஓடி வந்தான். பஞ்சுத்தூசி படிந்த முகம் அதற்கும் மேலே வெளுத்திருந்தது.

"இன்னா மே அது?"

"பூனக்குட்டி. வெள்ளச்சி."

"பூனக்குட்டி மாதிரியா கத்துது?"

யசோதா காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கும் அது யார் குரல் போலிருக்கிறது என்று தெரியும். யாமினியும் அப்படித்தான் கத்துவாள். தறி வீட்டுக் குழந்தை, தறியை மீறிக் கத்துகிறது என்று தெருவே சிரிக்கும்.

"அத்த மொதல்ல அனுப்பிடு," என்றான் செங்கல்வராயன். "பிரமிளாவுக்குப் போன் போடு."

"இன்னும் ஒரு ஊசி பாக்கி கீது."

"ஊசி அங்க போய் போட்டுக்கட்டும். கரண்ட் போறப்பல்லாம் இது கத்தினா நான் இந்த வூட்ல இருக்க முடியாது."

வெள்ளைக்குட்டி வாசற்படியில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாமினி உட்கார்ந்து சாக்பீஸால் கிறுக்குகிற இடம் அது.

பிரமிளா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அவளும் சில சிநேகிதிகளும் சேர்ந்து தெருவில் தாயில்லாமல் கிடக்கும் பூனைக்குட்டிகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒருமுறை யசோதா வீட்டுக் கொட்டகையில், கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டு லாரியில் அடிபட்டுச் செத்தது. எதிர்வீட்டு வள்ளியின் மகள் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றி பிரமிளாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கூடையோடு வந்து பார்த்தபோது, யசோதா மை போடும் ஃபில்லரில் ஆட்டுப்பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பால் குடித்த குட்டியை மடியில் புரட்டி, வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவித் தடவி ஒன்றுக்குப் போக வைத்தாள்.

"இத்த யாருக்கா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்றது. தாய்ப் பூன நக்கறத பாத்ததில்லயா நீ?"

அன்றிலிருந்து கூடை கூடையாகக் குட்டிகள் வந்தன. கண் திறக்காதவை, சளி பிடித்தவை, கால் நொண்டியவை. யசோதா பழைய லுங்கித் துண்டில் வெந்நீர் பாட்டிலைச் சுற்றி அணைவாக வைப்பாள். நூல் நிறுக்கும் தராசில் குட்டிகளை வைத்து நிறுத்துப் பார்ப்பாள். தேறியதும் சோற்றில் மீனைப் பிசைந்து துன்ன வைப்பாள். ஊசியெல்லாம் போட்டு முடித்து, வளர்க்கிறவர்கள் கிடைத்ததும் கொடுத்துவிட வேண்டும். வள்ளி அந்த வீட்டுக்குப் பூனை ஆஸ்டல் என்று பேர் வைத்தாள்.

செங்கல்வராயன் தடுக்கவில்லை. "போறதுக்குன்னே வர்றது. அப்டி இருந்தா தொந்தரவில்ல," என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவன் ஒரே ஒரு தடவை சொல்கிற ஆள்தான். இன்னொன்றும் அப்படித்தான் சொன்னான், யாமினியின் காரியம் முடிந்த சாயங்காலம்.

தறிக்குப் பாவு நூல் கொண்டுவந்த வேன் அது. சரக்கை இறக்கிவிட்டுத் தெருவில் பின்னால் வந்தது. பின்னால் வரும்போது பாடும் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஆரனும் அடித்தான். யாமினி படியை விட்டு இறங்கித் தெருவில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது முடியவில்லை. அக்காவிடம் பேசி முடித்த போனைக் கையில் வைத்துக்கொண்டே யசோதா வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். கத்தினாள். குழந்தை திரும்பவில்லை. மறுபடி கத்திக்கொண்டே ஓடினாள். ஓடிச் சேரவில்லை.

செங்கல்வராயன் அப்போது தறிக்கு நடுவே இருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் வந்து பார்த்தபோது கண்ணில் பட்டது அவள் கையிலிருந்த போன்தான்.

"நீ கூப்பிட்டிருந்தா அவ திரும்பியிருப்பா," என்றான் அந்தச் சாயங்காலம்.

"கூப்பிட்டேன்."

"கூப்பிட்டா ஏன் திரும்பல?"

அவன் அப்புறம் கேட்கவில்லை. சோறு போட்டால் துன்னுவான், கூலி வாங்கினால் கொண்டுவந்து தருவான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. யசோதாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தார்க்குச்சியில் நூல் சுற்றும்போதும், குட்டிகளுக்குப் பால் காய்ச்சும்போதும். கத்தினேனே, ஏன் திரும்பல? சில நாள், கத்தினோமா என்று அவளுக்கே சந்தேகம் வரும். அந்த நாட்கள்தான் கொடுமை.

வெள்ளச்சிக்கு வீடு சீக்கிரமே கிடைத்துவிட்டது. அலிபிரிப் பக்கம் இருக்கும் வேதாச்சலமும் அவர் பெண்சாதி சுந்தரியும் பிரமிளாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வேதாச்சலம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஐதராபாத்தில். வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

உள்ளே தறி நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் பேசுவது எதுவும் எடுபடவில்லை. சுந்தரி காதைப் பொத்திக்கொண்டாள். வாசலில் நின்று கத்துவார்களே தவிர, தறிக்குப் பக்கத்தில் யாரும் அப்படிச் சத்தத்தோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். வேலை நேரத்தில் கைதான் பேசும், உதடுதான் பேசும். ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. தறி நடுக்கத்தை மீறி அந்த மிதி மட்டும் உள்ளங்காலில் வந்து முட்டும்; கூப்பிடப்பட்டவன் திரும்பிப் பார்ப்பான்.

செங்கல்வராயன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். மூலையில் படுத்திருந்த வெள்ளைக்குட்டியைப் பார்த்து ஒரு மிதி மிதித்தான். அது விருட்டென்று எழுந்து அவன் காலடிக்கு ஓடி வந்தது.

"அடடே, கூப்பிட்ட ஒடனே எப்டி வருது பாருங்க," என்று சுந்தரி பூரித்துப்போனாள்.

யசோதா வாசற்படியைப் பார்த்தாள். யாமினியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அதே மிதி, அதே ஓட்டம்.

யசோதாவின் அம்மா வீட்டுப் பக்கம் பூனையைச் சும்மா கொடுக்க மாட்டார்கள், காசுக்கும் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை கருவாடு வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும். பிரமிளா சொல்லியிருந்தபடி சுந்தரி காகிதத்தில் சூளூர்பேட்டை நெத்திலி மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு யசோதா கூடையைக் கொடுத்தாள். ஆட்டோ போனதும் செங்கல்வராயன் தறிக்குத் திரும்பிவிட்டான். அன்று ராத்திரி கருவாட்டுக் குழம்பை அவன் தொடவில்லை.

நான்கைந்து நாள் கழித்துப் பிரமிளா போன் செய்தாள். யசோதா போனோடு பின்பக்கம் போனாள்.

"அக்கா, நம்ம வெள்ளச்சி விஷயம். அவங்க டாக்டர்கிட்ட காட்டியிருக்காங்க. அதுக்குக் காது சுத்தமா கேக்காதாம்."

"இன்னா?"

"பொறவியிலேயே அப்டித்தானாம். வெள்ளப் பூன, நீலக் கண்ணுன்னா இந்த மாதிரி நெறைய வருமாம். அதான் அந்தக் கத்து கத்துது. தன் கொரலு தனக்கே கேக்காதில்ல. ஏன்க்கா, உங்க வூட்ல இத்தன நாள் வளந்துச்சே, உங்களுக்குத் தெரியலியா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். யசோதா துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"அக்கா? லைன்ல கீறீங்களா?"

"நான் வந்து பாக்கறேன்," என்றாள் யசோதா.

மறுநாள் புத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறித் திருப்பதி போனாள். புருஷனிடம் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள்.

வேதாச்சலத்தின் வீடு மலையைப் பார்த்த சந்தில் இருந்தது. ஏழுமலையானைப் பார்க்க நடந்து போகிறவர்களின் கோவிந்தா எங்கோ தூரத்தில் கேட்டது. மற்றபடி அப்படி ஒரு அமைதி. அந்த அமைதிக்குள் நுழைய யசோதாவுக்குக் கால் கூசியது.

"வாம்மா," என்றாள் சுந்தரி. "நாலு நாளா கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட வத்திப்போச்சு. திமிரு புடிச்சதுன்னு நெனச்சேன். முந்தாநேத்து இன்னா ஆச்சு தெரியுமா? வாசக்கதவு தெறந்திருந்துச்சு. இது போய் நடு ரோட்ல ஒக்காந்துக்கினு கால நக்குது. ஆட்டோக்காரன் ஆரன் மேல ஆரன் அடிக்கிறான். நான் இங்கேருந்து கத்தறேன். இது திரும்பவே இல்ல. எனக்கு உசுரே போயிடுச்சு. அந்தப் புள்ளாண்டான் பிரேக் புடிச்சானோ, பொழச்சுதோ."

யசோதா வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கத்தினீங்களா?"

"கத்தாம? எதுத்த வீட்டுக்காரங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க."

"கத்தியும் திரும்பலியா?"

"காது கேட்டாத்தானேம்மா திரும்பும்," என்றாள் சுந்தரி.

சமையலறையில் இருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குட்டியின் பின்னால் கரண்டியால் ஓங்கி அடித்தாள். யசோதா திடுக்கிட்டாள். குட்டியின் காது மடல்கூட அசையவில்லை.

வேதாச்சலம் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கினார். "யாரோ கதவு தட்டறாங்க பாரு."

"பாத்தியா," என்றாள் சுந்தரி. "இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சு இந்த வூட்ல. காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தா அத பீரோல வச்சி பூட்டிக்கினு கீறாரு. இப்ப ரெண்டு செவிடு எனக்கு. அது பரவால்ல, குறுக்குக் கேள்வி கேக்காது."

யசோதா சிரிக்கவில்லை. செருப்பில்லாத குதிகாலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள். குட்டி சட்டென்று திரும்பியது. அவளைப் பார்த்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காலில் உரசியது.

"எங்க வூட்ல இப்டித்தான் கூப்பிடுவோம்," என்றாள். "மனுஷங்களையும் இப்டித்தான்."

சுந்தரி அவள் முகத்தைப் பார்த்து, செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. யசோதாவே கேட்டாள்.

"இத்த ஒரு நாளைக்கிக் குடுங்க. நாளைக்கிக் கொண்டாந்து வுட்டுட்றேன்."

"திருப்பிக் கொண்டாந்துடணும். கருவாடு குடுத்து வாங்கினது."

திரும்பும் பஸ்ஸில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு யசோதா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் கண்ணெதிரிலேயே இருந்தவை.

தறித் தெருக் குழந்தைகள் சத்தத்தில் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் அலறி எழுந்துகொள்ளும். யாமினி எழுந்துகொள்ள மாட்டாள். எம் பொண்ணு ராசாத்தி, இடி விழுந்தாலும் தூங்குவா என்று யசோதா தெருவெல்லாம் பெருமை பேசினாள். பேச்சு வரவில்லை என்றபோது, எங்க வம்சத்துல எல்லாம் லேட்டுதான் என்றான் செங்கல்வராயன். அங்கன்வாடி மேடம் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, பாப்ப பிலிஸ்தே பலகட்லேது." கூப்பிட்டால் பதிலே இல்லையாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். தெலுங்குல கூப்பிட்டா தமிழ்ப் புள்ளைக்கி இன்னா புரியும் என்று. வீட்டில் கை காட்டினால் வந்தாள். மிதித்தால் திரும்பினாள். பேசுகிறவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தறி வீட்டில் யார்தான் அப்படி இல்லை?

கத்தியிருக்கிறாள். யசோதா கத்தித்தான் இருக்கிறாள். குழந்தை அடம் பிடிக்கவில்லை, அம்மாவை மதிக்காமல் இல்லை. நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று அவிழ்ந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்தது. வாசலில் நின்று ஒரு மிதி மிதித்திருந்தால் போதும். ஒரே மிதி.

புத்தூரில் பஸ் நின்றது. யாரோ பலாச்சுளை விற்றார்கள். அவனிடம் சொல்லவா, வேண்டாமா? இத்தனை நாளும் அவனுக்குக் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தாள். அந்தக் கோபம் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டால் அவன் கையில் என்ன இருக்கும்? பெற்ற குழந்தைக்குக் காது கேட்காது என்பதைக்கூட அறியாமல் மிதித்து மிதித்துக் கூப்பிட்டு விளையாடியதுதான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். அவள்தான், கூப்பிடாத அம்மாவாகவே கிடக்க வேண்டும்.

மடியில் கூடை அசைந்தது. குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஆரனுக்கும் இரைச்சலுக்கும் நடுவே, இடி விழுந்தாலும் எழுந்துகொள்ளாத தூக்கம்.

நகரியில் இறங்கும்போது அவள் முடிவு செய்திருந்தாள்.

சாயங்கால வெயில் தெருவில் நீளமாக விழுந்திருந்தது. கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செங்கல்வராயன் அவளையும் கூடையையும் பார்த்தான். முகம் இறுகியது. ஏன் திரும்பி வந்தது என்று கையால் கேட்டான்.

யசோதா கூடையைத் திறந்து குட்டியை விட்டாள். அது நேராகப் போய் வாசற்படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. அவள் சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

அந்த வீட்டுத் தறி நான்கும் நின்றன.

"இன்னா மே பண்ற?" செங்கல்வராயன் கத்தினான். "ஓடிக்கினு கீறப்ப நிறுத்தினா துணில கோடு விழும், தெரியாதா உனக்கு?"

"விழட்டும். இங்க வா."

அவள் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. வந்து நின்றான்.

"அத்தக் கூப்பிடு."

"எத்த?"

"வெள்ளச்சிய. வாயால கூப்பிடு. காலு வேணாம்."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"கூப்பிடு."

"ஏய், வெள்ளச்சி," என்றான்.

குட்டி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"சத்தமா."

"வெள்ளச்சி!"

எதிர்வீட்டில் வள்ளி எட்டிப்பார்த்தாள். குட்டி திரும்பவில்லை.

"இன்னும் சத்தமா. ஆபத்துன்னு நெனச்சிக்கினு கூப்பிடு. வண்டி வருதுன்னு நெனச்சிக்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண் வாசற்படியில் இருந்தது. அவனும் அங்கே பார்த்தான். சின்ன முதுகு, குனிந்த தலை, வெயில். அவன் வாய் திறந்தது. வந்தது வெள்ளச்சி இல்லை.

"யாமினீ..."

வள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள். அவன் மறுபடி கத்தினான். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி மூன்று சீசன் ஆயிற்று. இன்னொரு தடவை கத்தினான். குரல் பாதியில் பிளந்தது. வாசற்படியில் குட்டி காலை மாற்றிக்கொண்டு மறு காலை நக்கத் தொடங்கியது.

"அதுக்குக் காது கேக்காது," என்றாள் யசோதா. "பொறவியிலேயே. நம்ம வூட்ல இருந்ததால நமக்குத் தெரியல."

மெல்ல மெல்ல அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை அவள் பார்த்தாள். அங்கன்வாடி மேடம் வந்து போனாள். தூக்கம் கலையாத தொட்டில் வந்து போனது.

"நானும் இப்டித்தான் கூப்பிட்டேன்," என்றாள்.

செங்கல்வராயன் தரையில் உட்கார்ந்தான். நிற்கும்போது ஓங்கி மிதிக்கிற காலை இப்போது கையால் பிடித்துக்கொண்டிருந்தான், அது தானாக மிதித்துவிடும் என்று பயந்தவனைப் போல. பிறகு வலது கையைத் தரைக்கு மேலே தூக்கினான். அந்தரத்தில் நின்றது. இறக்கத் தைரியம் வரவில்லை.

யசோதா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து தரையில் ஓங்கி விழுந்தன.

குட்டி திரும்பிப் பார்த்தது.